பால்வாடிக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு 8 ரூபாய்: இதை ஏன் யாரும் கேட்பதில்லை?

வைகைக்கரை
ஆகஸ்ட் 9, 2025, காலை 7.40

15-ஆம் தேதி கிராம சபை வருகிறது. எங்கள் ஊராட்சியில் தலைவர் பதவிக்காலம் ஜனவரியோடு முடிந்துவிட்டதால் தனி அலுவலர்தான் நடத்துவார். இருந்தாலும் அங்கன்வாடி உணவுச் செலவு பற்றி ஒரு தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்று சிலர் பேசி வைத்திருக்கிறோம். அதற்கு முன்னால் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று இங்கே எழுதுகிறேன்.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் (ஐ.சி.டி.எஸ்.) 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 இடங்களில் தொடங்கியது. வரும் அக்டோபரில் 50 வருஷம். இப்போது அதன் பெயர் 'சக்ஷம் அங்கன்வாடி, போஷன் 2.0'. கருவுற்ற பெண், பால் கொடுக்கும் தாய், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை உள்ள குழந்தை, இவர்கள் எல்லாருக்கும் சத்துணவு தருவதை 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் உரிமையாகவே ஆக்கிவிட்டது. சட்டம் எழுதியாகிவிட்டது, சரி. அதற்கு எவ்வளவு பணம் ஒதுக்குகிறார்கள்?

குழந்தைக்கு நாளைக்கு 8 ரூபாய். தாய்க்கு 9 ரூபாய் 50 காசு. எடை மிகவும் குறைந்த குழந்தைக்கு 12 ரூபாய். இதில் பாதி மத்திய அரசு, பாதி மாநில அரசு. தொகையை நிர்ணயித்தது 2017-ல். அதன்பிறகு அப்படியே நிற்கிறது.

விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம்தான் ஏறியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2017-ல் 8 ரூபாய்க்கு வாங்கியதை இப்போது வாங்க 11 ரூபாய் 80 காசு வேண்டும். அந்த 3 ரூபாய் 80 காசு யாருடைய தட்டிலிருந்து போகிறது?

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இன்னொரு இடத்தில். பள்ளி மதிய உணவுக்கு மத்திய அரசு நிர்ணயிக்கும் பொருள் செலவை, கிராமப்புறத் தொழிலாளர் விலைக் குறியீட்டை வைத்து உயர்த்திக்கொண்டு வருகிறார்கள். தொடக்கப் பள்ளிக் குழந்தைக்கு 2022 அக்டோபரில் 5.45 ரூபாய், 2024 டிசம்பரில் 6.19, இந்த மே மாதம் முதல் 6.78. ஆறு வயதுப் பிள்ளையின் காய்கறிக்கு விலை ஏறும் என்று அரசுக்குத் தெரிகிறது. அதே தெருவில் இருக்கும் மூன்று வயதுப் பிள்ளையின் காய்கறிக்கு மட்டும் ஏறாதா?

பிப்ரவரி பட்ஜெட் உரையில் அங்கன்வாடி உணவின் செலவு விகிதம் தகுந்தபடி உயர்த்தப்படும் என்று நிதியமைச்சர் சொன்னார். ஆனால் திட்டத்துக்கான ஒதுக்கீடு 21,200 கோடியிலிருந்து 21,960 கோடி ஆனது, அவ்வளவுதான். 3.6 சதவீதம்.

தீர்மானத்தில் என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று சொல்லுங்கள்.


கணக்குப்பிள்ளை
ஆகஸ்ட் 9, காலை 9.15

நான் தணிக்கை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். அரசுப் பணம் எங்கே கசிகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பாக இருந்தது. அதனால் உங்களுக்கு ஒத்து வராத ஒரு கருத்தைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த உணவுக்கு டெண்டர், கிடங்கு, லாரி, பாக்கெட், பதிவேடு என்று ஒரு பெரிய ஏற்பாடு. முடிவில் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவு பாக்கெட் ஆட்டுக்கும் மாட்டுக்கும் போவதைக் கிராமத்தில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? நான் பார்த்திருக்கிறேன். பணத்தை அப்படியே தாயின் வங்கிக் கணக்கில் போட்டுவிட்டால் என்ன? நாளைக்கு 8 ரூபாய், வருஷத்துக்கு 300 நாள், 2,400 ரூபாய். முட்டையா, பாலா, கீரையா, அவளுக்குத் தெரியாதா என்ன? கிராமத்துப் பெண்ணுக்குப் புத்தி சொல்ல நாம் யார்?

இன்னொன்று. தமிழ்நாட்டில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகள் 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 27.1 சதவீதம், 2019-21-ல் 25. இரண்டு புள்ளி குறைவதற்கு அத்தனை வருஷம். அதே குழாயில் இன்னும் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் குழாயைப் பார்க்க வேண்டாமா?


நெல்லைச்சீமை
ஆகஸ்ட் 9, காலை 9.52

கணக்குப்பிள்ளை ஐயா, 8 ரூபாயைப் பணமாகக் கொடுத்தால் கடையில் ஒரு முட்டை வாங்கலாம். மீதியில் அரை வாழைப்பழம் கூட வராது. அரசு மொத்தமாக வாங்கும் விலையும் அரிசி, கோதுமை மானிய விலையில் வருவதும் சேர்ந்துதான் அந்த 8 ரூபாயை இன்னும் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது.


மல்லி டீச்சர்
ஆகஸ்ட் 9, இரவு 8.30

வணக்கம். நான் அங்கன்வாடிப் பணியாளர். எந்த ஊர் என்று சொல்லவில்லை, வேலைக்குப் பிரச்சினை வரும். இழையை என் மகள் காட்டினாள். பகலில் எழுத நேரம் இல்லை.

சோறு எப்படி வருகிறது என்று சொல்கிறேன். அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை எல்லாம் அரசு அனுப்பிவிடும். ஒரு பிள்ளைக்கு 80 கிராம் அரிசி, 10 கிராம் பருப்பு. இரண்டு வயதுக்கு மேல் உள்ள பிள்ளைகளுக்கு வாரத்துக்கு மூன்று முட்டை. இதில் குறை சொல்ல மாட்டேன். முட்டை வந்த நாளில் வருகையைப் பார்த்தாலே தெரியும், எந்தப் பிள்ளையும் வீட்டில் இருக்காது.

சிக்கல் காய்கறி, தாளிப்பு, கேஸ். இதெல்லாம் பைசாக் கணக்கில் பிள்ளைத் தலைக்கு வரும். நாங்கள் முதலில் கைக்காசு போட்டு வாங்கி, பில் எழுதிக் கொடுத்து, பிறகு காத்திருக்க வேண்டும். தக்காளி கிலோ 80 தொட்டால் சாம்பார் தண்ணீராகத்தான் இருக்கும். முருங்கைக்கீரை எங்கள் மையத்துக்குப் பின்னால் ஒரு மரம் நிற்கிறது, அந்த மரத்துக்குத்தான் நான் நன்றி சொல்ல வேண்டும். சிலிண்டர் மாதக் கடைசியில் தீர்ந்தால் ஆயாம்மா வீட்டிலிருந்து விறகு எடுத்து வருவார்.

சத்துமாவு ஆட்டுக்குப் போகிறது என்று ஐயா எழுதியிருக்கிறார். போன வருஷம்கூட ஒரு வீட்டில் அப்படிப் பார்த்தேன், மறைக்கவில்லை. ஏன் போகிறது என்று விசாரித்தால் காரணம் இருக்கும். சில மாதம் வராது, பிறகு இரண்டு மாதத்துக்கானது ஒன்றாக வந்து இறங்கும். வெயில் காலத்தில் தகர வீட்டில் அத்தனை பாக்கெட்டை வைத்தால் வண்டு விழும். அந்த மாவை எந்தத் தாய் பிள்ளைக்குக் கொடுப்பாள்? மாதா மாதம் சரியாக வந்தால் நானே தாய்மார்களைக் கூப்பிட்டு வைத்து அடை, கொழுக்கட்டை, புட்டு செய்து காட்டுவேன். வெறும் வெந்நீரில் கரைத்துக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் இரண்டாம் நாள் வாய் திறக்காது. தேங்காய்த் துருவலும் ஏலக்காயும் போட்டு உருண்டை பிடித்துக் கொடுங்கள், பிறகு பாருங்கள்.

இப்போது புதிதாக ஒன்று. ஜூலை 1 முதல் சத்துமாவு வாங்க வரும் தாயின் முகத்தைப் போனில் படம் பிடித்து ஆதாரோடு ஒப்பிட்ட பிறகுதான் கொடுக்க வேண்டும். கர்ப்பமாக இருக்கும் பெண்ணுக்கு ஏழாம் மாதத்தில் முகம் உப்பி இருக்கும். ஆதாரில் இருக்கும் படம் அவள் பள்ளியில் படித்தபோது எடுத்தது. செயலி ஏற்றுக்கொள்ளாது. ஓ.டி.பி. போகும் நம்பர் கணவருடையது, அவர் கேரளாவில் வேலையில் இருப்பார். அந்தப் பெண்ணை 'நாளைக்கு வாம்மா' என்று திருப்பி அனுப்புவது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருக்கிறது தெரியுமா? கசிவை அடைக்கிறோம் என்கிறார்கள். எங்கள் மையத்தில் இது தடுத்தது எல்லாம் எனக்கு நன்றாகத் தெரிந்த, பக்கத்துத் தெருப் பெண்களை.


பொன்வண்டு
ஆகஸ்ட் 10, காலை 6.55

டீச்சர் எழுதியதைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தேனிப் பக்கம்.

பணமாகக் கொடுத்துவிடலாம் என்று சொல்பவர்கள், ஏற்கெனவே பணமாகக் கொடுக்கும் திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி 18,000 ரூபாய். அதில் 14,000 பணம், மீதி 4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம். நல்ல திட்டம், இந்தியாவில் இவ்வளவு தொகை வேறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் சொல்வார்கள். ஆனால் எனக்குப் பதிவு ஒரு ஊரில், வேலை ஒரு ஊரில். பேங்க் புத்தகத்தில் அப்பா பெயரின் முதலெழுத்து, ஆதாரில் கணவர் பெயர். இங்கே கேட்டால் அங்கே போ, அங்கே கேட்டால் இங்கே போ. முதல் தவணை கையில் வரும்போது என் பையன் தவழ ஆரம்பித்துவிட்டான். கர்ப்ப காலத்தில் பழம் வாங்கிச் சாப்பிடத்தானே அந்தப் பணம்?

பெட்டகம் மட்டும் சரியான நேரத்தில் வந்தது. பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக், ஆவின் நெய், எல்லாம் கையில் கொடுத்துவிட்டார்கள். கொடுத்ததைத் தின்றேன்.

அதோடு ஒன்று. எங்கள் லைன் வீட்டில் ஒடிசா, பீகார் பெண்கள் நிறைய. அவர்கள் பிள்ளைகள் பக்கத்து அங்கன்வாடியில்தான் சாப்பிடுகின்றன. டீச்சருக்கு இந்தி தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் சோறு நடக்கிறது. கணக்கு நம்பர் கேட்டுப் பணம் போடுவதாக இருந்தால் அந்தப் பெண்களில் பாதிப் பேர் வெளியேதான் நிற்பார்கள்.


கணக்குப்பிள்ளை
ஆகஸ்ட் 10, காலை 10.20

பொன்வண்டு, மல்லி டீச்சர் இருவரும் சொன்னது என் மனதில் தைத்தது. தாமதம் என்பது பணத்துக்கும் வரும், மாவுக்கும் வரும். ஆகவே தாமதத்தைத் தனிக் குற்றமாக வைத்துப் பேசுவோம்.

ஆனால் ஒரு கேள்வி இன்னும் நிற்கிறது. இருக்கும் காசு குறைவு என்றால், எல்லாருக்கும் 8 ரூபாய் என்று பரத்தாமல், உண்மையிலேயே எடை குறைந்த குழந்தைக்கு 20 ரூபாய் என்று குவித்தால் என்ன? வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கும் அரசு சோறு போட வேண்டுமா?


கொட்டாம்பட்டி
ஆகஸ்ட் 10, மாலை 5.10

கணக்குப்பிள்ளை தம்பி கேட்டதை நாங்கள் செய்தே பார்த்திருக்கிறோம். எனக்கு இப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பேரன்தான் டைப் அடிக்கிறான்.

1980-ல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று ஒன்று வந்தது. முதலில் எங்கள் கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான் ஆரம்பித்தார்கள். பிறகு ஒவ்வொரு மாவட்டமாகப் போனது. நான் பின்னால் வந்த வருஷங்களில் சமுதாய ஊட்டச்சத்துப் பணியாளராகச் சேர்ந்தேன். ஆள் எடுத்த விதமே தனி. அந்த ஊரிலேயே இருக்கும் தாயாக இருக்க வேண்டும். ஏழை வீடாக இருந்தாலும் பிள்ளையை நன்றாக வளர்த்தவளா என்று பார்த்து எடுத்தார்கள். ஊர்ப் பெண்கள் அவள் பேச்சைக் கேட்பார்கள் என்ற கணக்கு.

மாதா மாதம் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள எல்லாப் பிள்ளைகளையும் எடை போடுவோம். வீட்டு உத்தரத்தில் தராசை மாட்டி, கால்சட்டை மாதிரித் தைத்த துணியில் பிள்ளையை உட்கார வைப்போம். பிள்ளை கத்தும், பாட்டி கண் பட்டுவிடும் என்று திட்டுவாள். அட்டையில் புள்ளி வைத்து, போன மாதப் புள்ளியோடு கோடு இழுத்துத் தாயிடம் காட்டுவோம். கோடு மேலே போனால் உணவு கிடையாது, அறிவுரை மட்டும். கோடு படுத்துவிட்டால் 90 நாளுக்குச் சத்துருண்டை. எடை ஏறியதும் நிறுத்திவிடுவோம்.

பலன் இருந்தது. கடுமையாக மெலிந்த பிள்ளைகள் எண்ணிக்கை கண் முன்னாலேயே குறைந்தது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் தம்பி, அந்த 90 நாள் முடிந்து பெயரை எடுத்தபின் மூன்றாம் மாதம் அதே பிள்ளை திரும்ப வரும். நின்ற மறுநாளே தாய் வந்து 'என் பிள்ளை தேறியதற்குத் தண்டனையா அக்கா?' என்று கேட்பாள். எனக்குப் பதில் இருக்காது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் வந்து இரண்டு வயதுக்கு மேல் உள்ள எல்லாப் பிள்ளைக்கும் சோறு என்றதும் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு இந்தச் சண்டையே இல்லாமல் போனது.

அதனால் என் அனுபவத்தில், சோறு எல்லாருக்கும் பொது. எடை போட்டுப் பார்த்துக் கூடுதல் கவனிப்பு மெலிந்த பிள்ளைக்கு. ஒன்றைக் கொடுத்து இன்னொன்றை வாங்காதீர்கள். இப்போது 'ஊட்டச்சத்தை உறுதி செய்' என்று 2022-ல் ஊட்டியில் தொடங்கிய திட்டத்தில் அந்த இரண்டாவது வேலையை மறுபடி எடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷப்பட்டேன்.

எங்களுக்கு அன்று எடை போட நேரம் இருந்தது. இன்றைக்கு டீச்சருக்குப் போனில் பதிவு ஏற்றவே நேரம் போய்விடுகிறது என்று என் மருமகள் சொல்கிறாள். அவளும் பால்வாடியில்தான் இருக்கிறாள்.


நெல்லைச்சீமை
ஆகஸ்ட் 10, மாலை 5.48

அம்மா, உங்கள் பேரனுக்கும் சேர்த்து நன்றி. இதை எல்லாம் யாராவது உட்கார்ந்து உங்களைப் போன்றவர்களிடம் கேட்டு எழுதி வைக்க வேண்டும்.


வெள்ளைப்புடவை
ஆகஸ்ட் 10, இரவு 9.35

நான் கிராம சுகாதாரச் செவிலியர். தாய்மார் பக்கத்தை யாரும் அதிகம் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன்.

2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 44.4. கூடியிருக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 சதவீதம், அதுவும் முன்பு 50.7 தான். பிரசவம் எல்லாம் ஆஸ்பத்திரியில் நடக்கும் மாநிலத்தில் இது. கணக்குப்பிள்ளை ஐயா உயரத்தைச் சொன்னார், எனக்கு இதுதான் இரவில் தூக்கம் கெடுக்கும் எண்.

கர்ப்பிணி வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறாள். குழம்பில் காய் தீர்ந்த பிறகு அவள் தட்டில் சோறும் ரசமும். சத்துமாவு வாங்கிப் போனால் மாமியார், கொழுந்தன், மூத்த பிள்ளை எல்லாருக்கும் பங்கு. இதை 'தவறான பயன்பாடு' என்று அறிக்கையில் எழுதச் சொல்வார்கள். நான் எழுத மாட்டேன். வீட்டில் பசி இருக்கும்போது ஒரு பாக்கெட்டை ஒளித்து வைத்துத் தின்னும் பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை.

இதற்காகத்தான் தெலங்கானாவில் 2015 முதல் ஆரோக்கிய லட்சுமி என்று கர்ப்பிணியை அங்கன்வாடிக்கே வரவைத்து ஒரு வேளை முழுச் சாப்பாடு போடுகிறார்கள். சோறு, பருப்பு, காய், முட்டை, 200 மில்லி பால். கர்நாடகத்தில் 2017 அக்டோபரில் மாத்ருபூர்ணா என்று அதே மாதிரி. அங்கே கூலி வேலைக்குப் போகும் பெண்களால் தினமும் மையத்துக்கு வந்து போக முடியவில்லை என்ற பிரச்சினையும் வந்தது. மலைப்பக்கம், காட்டு வேலைக்குப் போகும் ஊர்களில் வேறு வழி யோசிக்க வேண்டும். ஆனால் ஊருக்குள் மையம் இருக்கும் இடங்களில் தமிழ்நாடும் இதைச் செய்து பார்க்கலாம். 9 ரூபாய் 50 காசில் இது நடக்காது. பால் மட்டுமே அந்தக் காசைத் தின்றுவிடும்.

மாத்திரை கொடுக்கிறோம், மறுக்கவில்லை. வெறும் வயிற்றில் இரும்புச்சத்து மாத்திரை போட்டால் குமட்டும். இரண்டு நாள் குமட்டினால் மூன்றாம் நாள் மாத்திரை ஜன்னலுக்கு வெளியே. சோறு சரியாக இருந்தால்தான் மாத்திரையும் உள்ளே போகும்.


வன்னிமண்
ஆகஸ்ட் 11, காலை 8.05

இலங்கை வன்னியில் இருந்து எழுதுகிறேன். நீங்கள் கதைக்கிற விஷயம் எங்களுக்கும் நல்லாய் விளங்கும்.

எங்கட பக்கம் 1973-ல் இருந்து திரிபோஷா இருக்கு. சோளம், சோயா, பால்மா சேர்த்த மா. கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் நிறை பார்த்து, கர்ப்பிணித் தாய்க்கும் பாலூட்டும் தாய்க்கும் நிறை குறைந்த பிள்ளைக்கும் மாதத்துக்கு இரண்டு பக்கெட் தருவா. சனத்துக்கு அதில் நல்ல நம்பிக்கை. போர் முடிந்து மீளக் குடியேறின நேரத்தில் எங்கட வீட்டில் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடே அதுதான், உருண்டை பிடிச்சுத் தேங்காய்ப்பூவோடு.

2021-ல் ரசாயன உரத்துக்குத் தடை வந்தது, சோளம் விளைச்சல் விழுந்தது. பூஞ்சை நஞ்சு இல்லாத நல்ல சோளம் கிடைக்காமல் சின்னப் பிள்ளைகளுக்கான திரிபோஷாவே நின்று போனது. அதே நேரம் பால்மா விலை எங்கேயோ போய்விட்டது. கர்ப்பிணிகளுக்கு மாதம் 2,000 ரூபாய்ப்படி பத்து மாதத்துக்கு ஒரு போஷாக்குக் கொடுப்பனவு இருந்தது. விலை ஏறின வேகத்தில் அந்த 2,000-க்கு ஒண்டும் வாங்க ஏலாது எண்டு ஆனதால் பிறகு 4,500 ஆக்கினார்கள். இடையில் கர்ப்பமாய் இருந்த பெண்களுக்கு அது உதவியே இல்லை. வயிற்றில் இருக்கிற பிள்ளை அடுத்த பட்ஜெட் வரைக்கும் காத்திராது.

அதனால் வைகைக்கரை சொல்கிற விலைக் குறியீட்டை விட்டுவிடாதேங்கோ. சாமான் குடுத்தாலும் காசு குடுத்தாலும் அதுதான் அடி.


கணக்குப்பிள்ளை
ஆகஸ்ட் 11, காலை 11.30

சரி, குறியீட்டோடு இணைப்பதை நானும் ஆதரிக்கிறேன். ஓய்வூதியக்காரன் எனக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை அகவிலை உயர்கிறது, யாரும் மனு எழுதிக் கேட்க வேண்டியதில்லை. அதே ஏற்பாடு குழந்தைக்கு இருக்கக் கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் பணம் எங்கிருந்து வரும் என்பதை வைகைக்கரை சொல்ல வேண்டும். தீர்மானத்தில் 'உயர்த்துக' என்று ஒரு வரி எழுதுவது சுலபம்.


வைகைக்கரை
ஆகஸ்ட் 11, இரவு 10.15

ஐயா கேட்டது நியாயம். உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

பட்ஜெட் உரைப்படி இந்தத் திட்டத்தில் 8 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகள். 8 கோடி என்றே வைப்போம். 8 ரூபாயை 12 ரூபாய் ஆக்கினால் கூடுதலாக 4 ரூபாய், 300 நாள், ஆக மொத்தம் 9,600 கோடி. பாதி மத்திய அரசு என்றால் 4,800 கோடி, மீதியை எல்லா மாநிலமும் பகிர்ந்துகொள்ளும். பதிவில் உள்ள எல்லாரும் 300 நாளும் வருவதில்லை, அதனால் உண்மைச் செலவு இதற்கும் கீழேதான் இருக்கும். தாய்மார்களுக்கு இன்னும் கொஞ்சம். மத்திய பட்ஜெட் 50 லட்சம் கோடியைத் தாண்டுகிறது. அதில் 4,800 கோடி என்பது ஆயிரம் ரூபாயில் ஒரு ரூபாய்கூட இல்லை.

இதே திட்டம் எப்படி வெட்டுப்பட்டது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 2015-ல் மாநிலங்களின் வரிப்பங்கு 32-லிருந்து 42 சதவீதமானபோது, அதைக் காரணம் காட்டி ஐ.சி.டி.எஸ். ஒதுக்கீட்டைப் பாதிக்கும் கீழே கொண்டுவந்தார்கள். துறை அமைச்சராக இருந்த மேனகா காந்தியே நிதியமைச்சகத்துக்கு எழுதினார். பிறகு கொஞ்சம் திருப்பிக் கொடுத்தார்கள். பணக்கார மாநிலம் சமாளித்துக்கொண்டது. தமிழ்நாடு முட்டையைத் தன் காசில் தொடர்ந்தது. எல்லா மாநிலத்தாலும் அது முடியவில்லை. பொன்வண்டின் லைன் வீட்டு ஒடிசா, பீகார்ப் பெண்களின் சொந்த ஊரில் என்ன நடந்திருக்கும் என்று யோசியுங்கள். ஆகவே மாநிலம் பார்த்துக்கொள்ளும் என்று மத்திய அரசு கையைக் கழுவுவதை நான் ஏற்க மாட்டேன்.

எல்லாருக்குமா என்ற கேள்விக்குக் கொட்டாம்பட்டி அம்மா சொன்னதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. சட்டப்படியும் அதுதான். 2001-ல் தொடங்கிய உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஒவ்வொரு குடியிருப்புக்கும் அங்கன்வாடி, ஆறு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைக்கும் எல்லாச் சேவையும் என்று உத்தரவு போட்டது. 2004-லேயே ஒப்பந்ததாரர்களை உணவு வழங்கலில் நுழைக்கக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறது.

உயரம் குறைந்த பிள்ளைகள் இரண்டு புள்ளிதான் குறைந்தார்கள் என்றீர்கள். அதே கணக்கெடுப்பில் உயரத்துக்கேற்ற எடை இல்லாத குழந்தைகள் 19.7-லிருந்து 14.6 ஆகக் குறைந்திருக்கிறார்கள். உயரம் என்பது பெரும்பாலும் கருவிலிருந்து இரண்டு வயதுக்குள் தீர்மானமாகிவிடுவது. மையத்தில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பிக்கும் வயதில் அந்தக் கதவு பாதி மூடிவிடுகிறது. ஆகவே அது தாயின் 9 ரூபாய் 50 காசின் தோல்வி என்றே நான் படிக்கிறேன்.

தீர்மானத்தின் வரைவு இது, திருத்துங்கள்:

'எங்கள் ஊராட்சி அங்கன்வாடி மையங்களில் குழந்தைகளுக்கும் கர்ப்பிணி, பாலூட்டும் தாய்மார்களுக்கும் வழங்கும் துணை உணவின் செலவு விகிதம் 2017-க்குப் பிறகு உயர்த்தப்படவில்லை. இதை உடனே உயர்த்தவும், பள்ளி மதிய உணவுக்கு உள்ளது போல கிராமப்புற விலைக் குறியீட்டோடு இணைத்து, ஆண்டுதோறும் தானாக உயரும்படி செய்யவும் மத்திய, மாநில அரசுகளைக் கேட்டுக்கொள்கிறோம். முகப்பதிவு பொருந்தவில்லை என்ற காரணத்தால் எந்தத் தாய்க்கும் உணவு மறுக்கப்படக் கூடாது; பணியாளரின் கையெழுத்தில் வழங்க வழி செய்ய வேண்டும்.'


மல்லி டீச்சர்
ஆகஸ்ட் 12, காலை 5.50

படித்தேன். இரண்டு விஷயம் சேருங்கள்.

கேஸ், காய்கறிப் பணம் மாதத்தின் முதல் வாரத்திலேயே மையத்தின் கணக்குக்கு வர வேண்டும். எங்கள் சம்பளத்திலிருந்து முன்பணம் போடுவதை நிறுத்த வேண்டும். மத்திய அரசு எங்களுக்கு நிர்ணயித்த மதிப்பூதியம் 2018-லிருந்து 4,500 ரூபாயில் நிற்கிறது. மாநிலம் சேர்த்துக் கொடுப்பதால் தமிழ்நாட்டில் ஏதோ ஓடுகிறது. ஆயாம்மாவுக்கு அது 2,250. அதிலிருந்து தக்காளி வாங்கச் சொல்லாதீர்கள்.

அப்புறம், சத்துமாவு மாதா மாதம் வர வேண்டும். மொத்தமாக வேண்டாம்.


கணக்குப்பிள்ளை
ஆகஸ்ட் 12, காலை 7.25

டீச்சர் சொன்ன இரண்டும் முதலில் வரட்டும். என் பங்குக்கு ஒரு வரி: 'ஒவ்வொரு மையத்தின் வெளிச்சுவரிலும் அந்த மாதம் எவ்வளவு அரிசி, பருப்பு, முட்டை, சத்துமாவு, எவ்வளவு பணம், எந்தத் தேதியில் வந்தது என்று எழுதி வைக்க வேண்டும்.' இதற்கு ஒரு டப்பா பெயிண்ட் போதும். கசிவைக் கண்டுபிடிக்கக் கர்ப்பிணியின் முகத்தைப் படம் பிடிக்க வேண்டியதில்லை, சரக்கு வந்த தேதியை ஊர் பார்த்தால் போதும்.

தனி அலுவலர் பொருள் நிரலில் இல்லை என்று தட்டிக் கழிக்கப் பார்ப்பார். 13-ஆம் தேதிக்குள் எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிவிடுங்கள்.


பொன்வண்டு
ஆகஸ்ட் 12, காலை 7.50

வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் தாய்மார்களுக்கும், எந்த ஊர் அட்டை இருந்தாலும் இருக்கும் ஊரிலேயே கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி போடுங்கள் அண்ணா. உங்கள் ஊரில் செங்கல் சூளை இருக்கிறது என்றால் அங்கே இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தான்.


வைகைக்கரை
ஆகஸ்ட் 12, காலை 8.30

சூளை இருக்கிறது. சேர்த்துவிட்டேன். திருத்திய பிரதியை நாளைக் காலை ஊராட்சி அலுவலகத்தில் கொடுக்கிறேன். மற்ற ஊர்க்காரர்கள் யாருக்காவது வேண்டுமென்றால் இதே வாசகத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஊர்ப் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.


வெள்ளைப்புடவை
ஆகஸ்ட் 12, மதியம் 1.20

எங்கள் வட்டாரத்தில் மூன்று ஊராட்சிக்கு நான் எடுத்துப் போகிறேன். தாய்மார்களைச் சபைக்கு அழைத்து வருவது என் பொறுப்பு. அன்றைக்கு மையத்துக்கு விடுமுறை, பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டே வரட்டும்.